அடுப்பு ஏறாத கீரை

கீரையைப் பச்சையாகத் தின்னும் வழக்கம் நம் வீடுகளில் இல்லை. கடைவோம், மசிப்போம், பொரிப்போம், பருப்போடு கூட்டுவோம். புதினாவைத் துவையலாக்கும்போதுகூட ஒரு முறை வாணலியில் வதக்கிவிட்டுத்தான் அரைக்கப் போவோம். ஆகவே பாலக் சாலட் என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் முகத்தில் முதலில் எழுவது சந்தேகம்தான்: “பச்சையாவா? வயித்துக்கு ஆகுங்களா?” கோவையில் அலுவலகங்களுக்கும் சின்ன விருந்துகளுக்கும் மதிய உணவு செய்து கொடுத்துப் பிழைக்கும் எனக்கு இந்தக் கேள்வி பழகிவிட்டது. நல்ல இலையை நன்றாகக் கழுவி, நேரம் பார்த்துக் கலந்தால் பெரும்பாலோருக்கு ஆகும் என்பேன். யாருக்கு ஆகாது என்பதையும் சேர்த்தே சொல்வேன். அது பின்னால் வருகிறது.

சமையலில் நெருப்பு பல குறைகளை மூடிவிடும். கொஞ்சம் முற்றிய இலை குழைந்து போகும், சரியாக வடியாத தண்ணீர் கொதித்துச் சுண்டும், முன்பின்னாகச் சேர்த்த சாமான்கள் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். சாலட்டில் அந்த உதவி கிடையாது. அதன் பக்குவம் முழுவதும் ஈரத்தைப் பொறுத்தது. எந்த ஈரம் இலைக்குள் நிற்க வேண்டும், எது இலைமேலிருந்து போக வேண்டும், எது கடைசி நிமிடம் வரை பக்கத்தில் வரக்கூடாது என்று தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது.

இந்த அறிவு நமக்குப் புதிதும் அல்ல. ராமநவமிக்குப் பானகத்தோடும் நீர்மோரோடும் வரும் கோசுமல்லியை நினைத்துப் பாருங்கள். ஊறிய பாசிப்பருப்பு, பொடியாக அரிந்த வெள்ளரி, தேங்காய்த் துருவல். கைதேர்ந்த கல்யாணச் சமையல்காரர் உப்பையும் எலுமிச்சையையும் அதில் முன்கூட்டிச் சேர்க்க மாட்டார். பந்தியில் இலை விழட்டும் என்று காத்திருப்பார். முன்னாலேயே சேர்த்தால் உப்பு வெள்ளரியின் தண்ணீரை வெளியே இழுத்துவிடும், கரண்டியில் பருப்பு பாதி, நீர் பாதி வரும். பாலக் சாலட்டுக்கும் பாடம் இதுதான்.

முதலில் இலை. கொடிப்பசலை வேண்டாம், மென்றால் கொழகொழக்கும். அரைக்கீரையும் சிறுகீரையும் பச்சையில் முரடு. சாலட்டுக்கு ஏற்றது பாலக். அந்தப் பெயரில் சந்தைக்கு இரண்டு பயிர்கள் வருகின்றன. சமவெளியில் விளைந்து கட்டுக்கட்டாக வருவது பெரும்பாலும் பீட்ரூட்டுக்கு நெருங்கிய சொந்தமான இலைப்பயிர். ஆல் கிரீன், பூசா ஜோதி என்ற ரகங்கள் இதைச் சேர்ந்தவை. இலை பெரிதாக, தடிப்பாக இருக்கும். மெல்லும்போது பீட்ரூட்டின் மண்வாசனை லேசாகத் தட்டுப்படும். மற்றொன்று மேல்நாட்டார் ஸ்பினாச் என்று சொல்வது. பாரசீகப் பக்கம் தோன்றி, ஏழாம் நூற்றாண்டில் நேபாளம் வழியாகச் சீனா வரை போன பயிர். குளிர்தான் அதற்குப் பிடிக்கும். பகல் நீண்டு வெயில் ஏறினால் இலை விடுவதை நிறுத்திப் பூக்கத் தொடங்கிவிடும். ஊட்டி, கொடைக்கானல் பக்கமிருந்து பிஞ்சு இலையாகப் பறித்து டப்பாவில் அடைத்து வருவது இந்த வகை.

டப்பா இலைதான் உசத்தி என்று நினைக்க வேண்டாம். சமவெளிப் பாலக்கிலும் கட்டின் நடுவே உள்ளங்கைக்குள் அடங்குகிற இளசான இலைகள் இருக்கும். அவற்றைச் சாலட்டுக்கு எடுத்துக்கொண்டு, வெளிச்சுற்று முற்றல்களைப் பருப்புக்கு ஒதுக்கினால் ஒரு கட்டு இரண்டு வேலைக்கு ஆகும். பெரிய இலைதான் கிடைத்தது என்றால் நடு நரம்பைக் கிழித்து எடுத்துவிட்டு இலையைக் கையால் பிய்த்துப் போடலாம்.

கட்டைப் பார்த்து வாங்கச் சில அடையாளங்கள் உண்டு. காம்பை மடித்தால் வளையாமல் ‘பட்’டென்று ஒடிய வேண்டும். இரண்டு இலையைச் சேர்த்துத் தேய்த்தால் கீச்சென்று ஒரு சத்தம் வரும். வாடிய இலையில் வராது. அறுத்த முனை கறுத்திருந்தால் அது நேற்றைய கட்டு. எல்லாவற்றையும்விட நல்ல அடையாளம் விற்கிறவர் வாய்ச்சொல். உழவர் சந்தையில் நான் வழக்கமாகக் கீரை வாங்கும் அம்மா, ஐப்பசி மழைக்கு மறுநாள் நான் கட்டில் கை வைக்கும் முன்பே சொல்லிவிடுவார்: “பச்சையாத் திங்கறதுக்குன்னா இன்னைக்கு வேணாங் கண்ணு. மழைத்தண்ணி குடிச்சுக் கெடக்குது, மத்தியானத்துக்குள்ள தொவண்டு போயிரும்.” “செரிங்கம்மா, கடையறதுக்கு ரெண்டு கட்டுக் குடுங்க” என்று வாங்கிவருவேன். அன்றைக்குச் சாலட் கிடையாது. எந்தத் தண்ணீர் பாய்ந்த கீரை என்பதையும் அவரிடம் கேட்டுவைத்திருக்கிறேன். சாக்கடைத் தண்ணீர் பாயும் வயல் என்றால், எவ்வளவு பச்சைப்பசேலென்று இருந்தாலும் அதைப் பச்சையாகச் சாப்பிடக் கூடாது.

இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. 2006-இல் அமெரிக்காவில், கழுவிப் பையில் அடைத்து விற்ற பாலக்கில் ஈ.கோலி கிருமி கலந்து ஏறத்தாழ 200 பேர் நோயில் விழுந்தார்கள், மூன்று பேர் இறந்தார்கள். வசதியான நாட்டிலேயே அப்படி. உப்புத் தண்ணீரும் மஞ்சள் தண்ணீரும் மண்ணையும் பூச்சியையும் விலக்க உதவும், எல்லாக் கிருமியையும் கொல்லும் என்று நம்பிவிடக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கும் நான் பச்சை இலை கொடுப்பதில்லை, வேகவைத்துத்தான் கொடுப்பேன்.

இனி கழுவுவது. எனக்கு இதில் பிடித்த வேலையே இதுதான். அகலமான பாத்திரத்தில் இலை மிதக்கும் அளவுக்குத் தண்ணீர் நிரப்புவேன். இலையைப் போட்டுக் கையால் மெல்ல அலசி, இரண்டு நிமிடம் சும்மா விட்டுவிடுவேன். மண் கீழே இறங்க அந்த அமைதி வேண்டும். பிறகு இரண்டு கையாலும் இலையை மேலே அள்ளி வேறு பாத்திரத்துக்கு மாற்றுவேன். பாத்திரத்தோடு சாய்த்து வடிகட்டினால் அடியில் படிந்த மண் மறுபடி இலைமேலேயே விழும். அள்ளிய பிறகு பாத்திரத்தின் அடியை விரலால் தடவிப் பார்ப்பேன். நறநறவென்று இருந்தால் இன்னொரு அலசல். விரல் வழுக்கிக்கொண்டு ஓடும்வரை தண்ணீர் மாற்றுவேன். கடைசித் தண்ணீர் ஐஸ் போட்ட தண்ணீர். கால் மணி நேரம் அதில் கிடந்தால் துவண்ட இலையும் நீரை உள்ளே வாங்கி விறைத்துக்கொள்ளும். இது இலைக்குள் இருக்க வேண்டிய ஈரம்.

அடுத்து, இலைமேல் இருக்கக் கூடாத ஈரம். துளி நீர் ஒட்டியிருந்தாலும் எண்ணெய் இலையில் பிடிக்காது. வழுக்கிக் கிண்ணத்தின் அடிக்குப் போய்விடும், மேலே இருக்கிற இலை சப்பென்று இருக்கும். இதற்கென்று கையால் சுற்றுகிற சாலட் ஸ்பின்னர் கடைகளில் கிடைக்கிறது. நிறைய இலை இருக்கிற நாளில் பழைய மெல்லிய பருத்தி வேட்டியில் கொட்டி, நான்கு முனையையும் கூட்டிப் பிடித்து, மொட்டை மாடியில் நின்று கையை வீசிச் சுற்றுவேன். பக்கத்து மாடியில் துணி காயப்போடுகிறவர்கள் தாமாகவே நகர்ந்துகொள்வார்கள். பிறகு காய்ந்த துண்டில் இலையைப் பரப்பித் தளர்வாகச் சுருட்டிக் குளிர்ப்பெட்டியில் அரைமணி நேரம் வைப்பேன். வெளியே எடுக்கும்போது இலை குளிர்ந்து, உலர்ந்து, தொட்டால் சலசலக்கும்.

பழத்துக்கு நான் வைத்திருக்கும் கணக்கு எளியது: ஒன்று புளிக்க வேண்டும், ஒன்று இனித்துக் கடிபட வேண்டும். பாலக்கில் லேசான துவர்ப்பும், பல்லில் மாவு படிந்தது போன்ற ஒரு கரகரப்பும் உண்டு. அதிலுள்ள ஆக்ஸாலிக் அமிலம் செய்கிற வேலை அது. புளிப்பு அந்தக் கரகரப்பை வாயிலிருந்து கழுவித் தள்ளும். வாழைப்பழம், பப்பாளி, கனிந்த சப்போட்டா எல்லாம் நல்ல பழங்களே, ஆனால் இலையோடு சேர்ந்தால் குழைந்து அப்பிக்கொள்ளும். எனக்குத் தோதானவை ஆரஞ்சு, மாதுளை, கொய்யா. மலையில் ஸ்ட்ராபெர்ரி வரும் குளிர்மாதங்களில் ஆரஞ்சுக்குப் பதில் அது. மாம்பழக் காலத்தில் முழுக்கக் கனியாத, கத்திக்கு நிற்கிற பங்கனபள்ளி.

கொய்யாவைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். பழனிக்குப் பக்கத்து ஆயக்குடிப் பக்கமிருந்து வரும் காயைச் செங்காய்ப் பதத்தில் எடுத்து, விதைப் பகுதியைக் குடைந்துவிட்டு மெல்லிய பிறைகளாக அரிந்தால், ஆப்பிள் செய்கிற வேலையை ஆப்பிளைவிட நன்றாகச் செய்யும். விலையும் குறைவு, அரிந்து வைத்தால் ஆப்பிள் அளவுக்குச் சீக்கிரம் கறுப்பதும் இல்லை. வைட்டமின் சி-யில் 100 கிராம் கொய்யா 200 மில்லிகிராமைத் தாண்டும். ஆரஞ்சில் ஏறத்தாழ 50 தான். அது ஏன் முக்கியம் என்று கீழே சொல்கிறேன்.

ஆரஞ்சைச் சுளையாக அப்படியே போட்டால் மேல்தோல் வாயில் ரப்பராக நிற்கும். பழத்தின் இரு முனையையும் சீவிப் பலகையில் நிறுத்தி, தோலையும் வெள்ளையையும் சேர்த்து மேலிருந்து கீழாகச் செதுக்கிவிடுவேன். பிறகு கையில் பிடித்து, ஒவ்வொரு சுளைக்கும் அதன் தோலுக்கும் இடையே சின்னக் கத்தியை இறக்கினால் சதை மட்டும் தனியாகக் கழன்று வரும். கையில் மிஞ்சும் சக்கையை டிரெஸ்ஸிங் கிண்ணத்துக்கு மேலே பிழிந்துவிடலாம், அந்தச் சாறு வீணாகாது. அரிந்த சுளைகளை வடிதட்டில் வைக்க வேண்டும். அவற்றிலிருந்து கசியும் சாறு இலையை நனைத்தால் பட்ட பாடெல்லாம் போயிற்று.

கொட்டைகளில் பண்ணுருட்டி முந்திரியோ, காஷ்மீர் அக்ரூட்டோ, வெறும் வேர்க்கடலையோ எதுவும் ஆகும். விலை பார்த்து மதிப்புப் போட வேண்டாம். கொய்யாவோடு வேர்க்கடலையும், ஆரஞ்சோடு அக்ரூட்டும், மாம்பழத்தோடு முந்திரியும் நன்றாகச் சேரும். எதுவானாலும் வறுத்தாக வேண்டும். இந்தச் சமையலில் நெருப்புக்கு வேலை வருகிற ஒரே இடம் இது, ஆகவே இங்கே கவனம் சிதறக் கூடாது. கனமான இரும்பு வாணலி, சிறுதீ, கை நிற்காமல் கிளற வேண்டும். முந்திரி நாம் விரும்பும் நிறத்துக்கு ஒரு படி முன்னால் இருக்கும்போதே தட்டில் கொட்டிவிட வேண்டும். உள்ளிருக்கும் சூட்டில் மீதி நிறம் தானாக ஏறும். அக்ரூட்டை வறுத்துச் சூட்டோடு துணியில் போட்டுத் தேய்த்தால் கசக்கிற மேல்தோல் பாதி உதிர்ந்துவிடும். வேர்க்கடலையைத் தேய்த்து முறத்தில் புடைத்தால் தொலி பறந்துவிடும். நன்றாக ஆறிய பிறகே உடைக்க வேண்டும். சூட்டோடு உடைத்தால் கொட்டை நொறுங்கிப் பொடியாகும், சூட்டோடு இலைமேல் போட்டால் இலை சுருங்கும். அக்ரூட்டில் இருக்கும் கொழுப்பு சீக்கிரம் சிக்கு வாடை பிடிப்பது, மூடி குளிர்ப்பெட்டியில் வையுங்கள். வாங்கும்போது ஒன்றைக் கடித்துப் பார்த்து வாங்குங்கள்.

டிரெஸ்ஸிங் பற்றிப் பலருக்கு ஒரு தப்பான எண்ணம் உண்டு. இலையை வாடவைப்பது எலுமிச்சை என்று நினைக்கிறார்கள். எண்ணெய்தான் அதைவிடச் சீக்கிரம் வாடவைக்கும். இலையின் மேல் மெல்லிய மெழுகுப் படலம் இருக்கிறது. மழைத்துளி அதில் உருண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். எலுமிச்சைச் சாறும் கொஞ்ச நேரம் அப்படித்தான் ஓடும். எண்ணெய்க்கு அந்த மெழுகு தடையில்லை. அதைக் கடந்து உள்ளே இறங்கி இலையைக் கறுத்துத் துவளச் செய்துவிடும். ஆகவே எண்ணெயை முதலில் இலைமேல் ஊற்றிப் பிறகு எலுமிச்சை பிழிவது நேர்மாறான வேலை. இரண்டையும் முதலிலேயே அடித்து ஒன்றாக்கினால் எண்ணெய் சின்னச் சின்னத் துளிகளாகச் சாற்றுக்குள் அடங்கியிருக்கும், இலையை அவ்வளவு சீக்கிரம் தாக்காது.

அடித்துச் சேர்க்கக் கடுகு உதவும். கால் தேக்கரண்டி கடுகுப்பொடியை ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறும் பிழிந்த ஆரஞ்சுச் சாறும் விட்டுக் குழைத்து ஐந்து நிமிடம் வையுங்கள். ஒரு தேக்கரண்டி தேன், அரைத் தேக்கரண்டிக்கும் குறைவாக உப்பு, இடித்த மிளகு சேருங்கள். பிறகு மூன்று மேசைக்கரண்டி எண்ணெயைச் சிறுகச் சிறுக விட்டுக்கொண்டே முள்கரண்டியால் அடித்தால் கலங்கித் தடித்து வரும். எந்த எண்ணெய் என்று கேட்டால், ஆலிவ் எண்ணெய் வாங்கி வைத்திருப்பவர்கள் அதை விடலாம். நான் செக்கு நல்லெண்ணெய் ஒரு பங்கும், வாசனை அடங்கிய கடலெண்ணெய் இரண்டு பங்கும் விடுவேன். பாலக்குக்கும் எள்ளுக்கும் நல்ல பொருத்தம். ஜப்பானியர்கள் வேகவைத்த பாலக்கில் வறுத்து அரைத்த எள்ளைப் பிசைந்து சாப்பிடுவது அவர்கள் வீட்டு அன்றாடச் சமையல். நல்லெண்ணெயை மட்டும் முழுக்க விட்டால் பழத்தின் வாசனை அமுங்கிவிடும்.

“உடம்புக்கு நல்லதுன்னு சாலட் கேட்டா இவ்வளவு எண்ணெயா?” என்று கேட்பவர்கள் உண்டு. பாலக்கின் கரோட்டினாய்டுச் சத்தும் வைட்டமின் கே-யும் கொழுப்பில் கரைபவை. 2004-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வில், கொழுப்பே இல்லாத டிரெஸ்ஸிங்கோடு சாலட் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் கரோட்டினாய்டு ஏறியது என்று சொல்லவே முடியவில்லை. எண்ணெய் சேர்ந்தபோது ஏறியது. எண்ணெயும் கொட்டையும் இல்லாத கீரைச் சாலட்டை மென்று என்ன பயன்?

இரும்புச் சத்தின் கதையும் இப்படித்தான். 100 கிராம் பச்சைப் பாலக்கில் ஏறத்தாழ 2.7 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. செடியிலிருந்து வரும் இரும்பை உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ளாது. கூடவே வைட்டமின் சி வந்தால் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். கொய்யாவையும் ஆரஞ்சையும் அலங்காரத்துக்குச் சேர்க்கவில்லை என்று சொல்வது இதனால்தான். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த லாபத்தில் ஒரு பகுதி போய்விடும்.

கால்சியத்துக்காகப் பாலக்கை நம்பாதீர்கள். மேலே சொன்ன ஆக்ஸாலிக் அமிலத்தின் ஆக்ஸலேட் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதால், பால் கால்சியத்தில் கால்பங்குக்கு மேல் உடம்பில் சேருகிற இடத்தில் பாலக் கால்சியம் நூற்றுக்கு ஐந்துதான் சேருகிறது. சிறுநீரகக் கல் வந்தவர்களுக்குப் பச்சைப் பாலக் வேண்டாம் என்று மருத்துவர் சொல்வதும் இந்த ஆக்ஸலேட்டுக்காகவே. வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் அது கணிசமாகக் குறையும், பச்சையில் அந்த வழியில்லை. பாதாமிலும் முந்திரியிலும்கூட அது நிறைய உண்டு. அப்படிப்பட்டவர் விருந்துக்கு வந்தால் பாலக்குக்குப் பதில் லெட்யூஸ், பாதாமுக்குப் பதில் பூசணி விதை என்று மாற்றித் தனிக்கிண்ணம் வைப்பேன். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள், வைட்டமின் கே நிறைந்த இந்த இலையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. மருத்துவரைக் கேட்டே சாப்பிட வேண்டும். விசாரிக்காமல் பரிமாறுவதில்லை என்பது என் தொழில் ஒழுங்கு.

இனிக் கலக்குவது. நான்கு பேருக்கு ஆய்ந்து உலர்த்திய இலை 200 கிராம், ஒரு ஆரஞ்சு, ஒரு கொய்யா, அரை மாதுளையின் முத்துகள், வறுத்த கொட்டை 40 கிராம். இலை கொள்ளும் அளவுக்கு இரண்டு மடங்கு பெரிய பாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். டிரெஸ்ஸிங்கைப் பாத்திரத்தின் ஓரமாகச் சுற்றி ஊற்றி, பாதி அளவோடு நிறுத்துங்கள். கரண்டி வேண்டாம். பூக்கூடையில் கைவிட்டு உதிரிப்பூவைப் புரட்டுவதுபோல அடியிலிருந்து மேலாக, விரல்களைத் தளர்த்திப் புரட்டுங்கள். ஒவ்வொரு இலையும் மினுங்க வேண்டும், பாத்திரத்தின் அடியில் எதுவும் தேங்கக் கூடாது. குறைந்தால் மட்டும் மீதியை ஊற்றுங்கள். அடுத்து கொய்யா, ஆரஞ்சு. அவற்றைப் பிசையாமல் மேலே வைத்து ஒருமுறை மட்டும் புரட்டுங்கள். கொட்டையும் மாதுளையும் தட்டுக்குப் போன பிறகு மேலே தூவுவதற்கு. ஈரத்தில் நின்ற கொட்டை நமத்துப்போகும்.

இந்தக் கடைசி வேலைக்கு இரண்டு நிமிடம் போதும், ஆனால் அதை யாரும் உட்காரும் முன் தொடங்கக் கூடாது. அலுவலகங்களுக்கு அனுப்பும்போது இலை ஒரு டப்பா, பழம் ஒரு டப்பா, கொட்டை ஒரு பொட்டலம், டிரெஸ்ஸிங் ஒரு சின்னப் பாட்டில் என்று தனித்தனியாகவே போகும். கலந்து அனுப்பச் சொல்லி வற்புறுத்துகிறவர்களுக்கு அன்றைக்குச் சுண்டல் அனுப்பிவிடுவேன்.

பச்சை இலைக்கு இன்னும் மனம் ஒப்பாதவர்களுக்கு ஒரு நடுவழி உண்டு. அமெரிக்காவில் பன்றிக் கொழுப்பைச் சூடாக உருக்கி, வினிகர் சேர்த்து, பச்சைப் பாலக்மேல் ஊற்றிச் சாப்பிடும் பழைய வழக்கம் இருக்கிறது. நம் தாளிப்பு அதே வேலையைச் செய்யும். எண்ணெயில் கடுகு வெடித்து, வரமிளகாய் கறுக்கும் முன் இறக்கி, எலுமிச்சைச் சாற்றைச் சேர்த்துச் சூட்டோடு இலைமேல் ஊற்றிப் புரட்டினால், இலை முக்கால் பங்கு பச்சையாகவும் கால் பங்கு வதங்கியும் நிற்கும். மேலே வேர்க்கடலையும் கொய்யாவும். கோசுமல்லிக்குப் பழகிய நாக்கு இதை உடனே ஏற்றுக்கொள்ளும். இதையும் மதியத்தில்தான் கொடுப்பேன்; இரவில் கீரை வேண்டாம் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டை மீற எனக்குத் தோன்றியதில்லை.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். கலக்காத இலை மிஞ்சினால் அடுத்த நாள் பருப்பில் போட்டுக் கடையலாம். கலந்தது மிஞ்சினால் அதற்கு மறுவாழ்வு இல்லை. ஆகவே பசியை விசாரித்து, ஒரு பிடி குறைவாகவே கலக்குங்கள். கேட்டால் மறுபடி கலக்க இரண்டு நிமிடம்தானே.